பருவங்களும் பள்ளிக் கருவிகளும்

2012ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பருவ காலங்களைப் பற்றிய பாடம் நடத்தினேன். எங்கள் பள்ளிக்கு அப்பொழுதுதான் படவீழ்த்தி ஒன்று வந்திருந்தது. புதிய கருவி வந்தால் அதைப் பயன்படுத்திப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் பிள்ளைகளைவிடத் தலைமையாசிரியருக்கே அதிகம். நான்கு பருவங்களையும் காட்டும் படம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். வெளிச்சத்தில் படம் துலங்கவில்லை. ஆகவே, ஜன்னல்களை அடைக்கச் சொன்னேன், கதவையும் சாத்தினோம். வெளியே நல்ல மழை. ஓட்டின்மேல் மழை விழும் ஓசையில் படத்தின் குரல் கேட்கவில்லை என்று ஒலியையும் உயர்த்தினேன்.

இடையில் அநுமதி பெற்று வெளியே போன சிறுவன் ஒருவன், தலை முதல் கால் வரை நனைந்து திரும்பி வந்தான். வந்தவன் வாசலில் நின்றுகொண்டே, "சார், வாய்க்கால் ரொம்பிடுச்சு. மடைக்கு மேலே தண்ணி போகுது" என்றான். வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. "எல்லாரும் உட்காருங்கள், படத்தைப் பாருங்கள்" என்று அதட்டினேன். உட்கார்ந்தார்கள். அந்தச் சமயத்தில் திரையில் ஏதோ ஒரு குளிர்நாட்டுக் குழந்தைகள் பனிக்கட்டியை உருட்டிப் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள்.

மாலையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்து வீடு திரும்பும்பொழுதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. மழையைப் பற்றிய பாடத்துக்காக, மழையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறேன்!

கருவிகளே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை நான் கூறவில்லை. அப்படிச் சொல்பவன் வானொலியில் வந்து பேசுவது பொருத்தமாகவும் இராது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு தொடங்கிற்று. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் பக்கத்தில் கருவியின் வழியே குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. இன்றோ பாடநூலின் பக்கத்திலேயே விரைவுக் குறியீடு அச்சாகி வருகிறது. கைப்பேசியைக் காட்டினால் காணொளி ஓடுகிறது. 2019ஆம் ஆண்டு முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் வேலையும், திறன் வகுப்பறைகள் அமைக்கும் வேலையும் தொடங்கின. இவற்றை வேண்டாம் என்று ஒதுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தார்கள். அதில் 'துணைக்கருவி' என்று ஒரு பகுதி உண்டு. கருவி என்று மட்டும் சொல்லாமல் துணைக்கருவி என்றார்கள். எதற்குத் துணை என்பதை நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் காட்டிய படத்தில் நான்கு பருவங்கள். அவை குளிர்நாட்டுப் பருவங்கள். அங்கே குளிர் வருமுன் மரங்கள் செந்நிறமாகி இலைகளை உதிர்க்கும். நம் வேம்போ மாசி, பங்குனியில் இலைகளை உதிர்க்கிறது; உதிர்த்த கையோடு செந்தளிர் விட்டுப் பூக்கவும் தொடங்கிவிடுகிறது. அவர்கள் மரம் குளிருக்கு முன் உதிர்க்கும். நம் மரம் கோடைக்கு முன் உதிர்க்கும். படத்தில் கண்டதை மனப்பாடம் செய்த பிள்ளை, 'இலையுதிர் காலம்' என்ற சொல்லைப் பரீட்சையில் சரியாக எழுதிவிட்டு, பள்ளி முற்றத்தில் உதிர்ந்து கிடக்கும் வேப்பிலையைப் பெருக்கி அள்ளிக் குப்பையில் போடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அதற்குத் தோன்றுவதே இல்லை.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தொல்காப்பியம் கூறும் இந்தப் பகுப்பு நம் நிலத்துக்கு நெருங்கியது என்பதில் ஐயமில்லை. ஆனாலும், சித்திரை மாதத்துப் பட்டுக்கோட்டை வெயிலில் நடந்து வந்த பிள்ளையிடம், "இது இளவேனில்" என்று சொன்னால் அது நம் முகத்தைத்தான் பார்க்கும்! பழைய நூலாயினும் புதிய படமாயினும், பிள்ளையின் கண்ணுக்கு நேரே நிறுத்திப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றினால் வருகிறது. எங்கள் கடற்கரைப் பகுதியில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். அந்த மூன்று மாதமும் பள்ளி நடக்கும் மாதங்கள். இதைவிட நல்ல பாடவேளை எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்?

செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் வகுப்புச் சுவரில் காலநிலை அட்டவணை ஒன்று தொங்கும். வெயில், மேகம், மழை என்று பிள்ளைகளே நாள்தோறும் அடையாளம் இடவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அட்டவணையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வெயில் என்று குறித்தாகிவிட்டது! வேலையை முன்கூட்டியே முடித்துவிட்ட பெருமிதத்தோடு மாணவத் தலைவன் பக்கத்தில் நின்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. வானத்தைப் பாராமலே நிரப்பக்கூடிய கட்டத்தை நாம் அவனிடம் கொடுத்தோம், அவன் நிரப்பினான்.

ஆகவே, பாராமல் நிரப்ப முடியாத ஒன்று வேண்டும் என்று எண்ணி, மழைமானி செய்யப் புகுந்தோம். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டி ஒன்றை எடுத்து, கழுத்துக்குக் கீழே பக்கங்கள் நேராகும் இடத்தில் வெட்டவேண்டும். வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆயிற்று. புட்டியின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும்; அங்கே அளந்தால் கணக்குத் தவறும். அதனால் கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கிப் பக்கங்கள் நேராகும் மட்டம் வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழி என்று குறித்துக்கொள்ளவேண்டும். அதற்கு மேலே அளவுகோலின் மில்லிமீட்டர்க் கோடுகளை ஒட்டினால் மானி தயார். சுவரும் மரமும் மழையை மறைக்காத வெட்டவெளியில் அதை நாட்டவேண்டும். அரசாங்க மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். நாங்களும் செங்கல் அடுக்கி அதே உயரத்தில் வைத்தோம்.

வானிலைத் துறையினர் காலை 8.30 மணிக்கு, முந்தின நாள் 8.30 முதல் பெய்த மழையை அளக்கிறார்கள். பள்ளி மணி அடிப்பதோ ஒன்பதுக்கு மேல். நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. வீடு பள்ளிக்கு எதிர்ச்சாரியில். அவள் தானாக முன்வந்து, "நான் பார்த்து எழுதுறேன் சார்" என்றாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றை அவளிடம் கொடுத்தேன். இது 2017ஆம் ஆண்டு புரட்டாசியில்.

அந்த நோட்டு என் வகுப்பறையின் கணக்குப் புத்தகமே ஆகிவிட்டது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அதை 'மழை நாள்' என்று வானிலைத் துறை கணக்கிடும். "நேற்று மழை பெய்தது, ஆனால் மழை நாள் அல்ல" என்று சொல்லிப் பிள்ளைகள் வீட்டாரோடு வாதாடத் தொடங்கினார்கள். தசமபின்னம் என்றால் அஞ்சும் வகுப்பு, 2.4க்கும் 2.5க்கும் இடையே வழக்காடிற்று. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் பரப்பில் பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் ஓட்டுக் கட்டடம் 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஆக 48 சதுர மீட்டர். அன்றாடம் மழை அளவை 48ஆல் பெருக்கி, கூரை பெற்ற தண்ணீரைக் கரும்பலகையில் எழுதினார்கள். மழைநீர்ச் சேமிப்பு 2003ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அது எதற்கு என்பதை இந்தப் பெருக்கல் கணக்கைப் போல வேறெதுவும் அவர்களுக்கு விளக்கியிராது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஐப்பசியில் ஒரு காலை அந்தச் சிறுமி 38 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாள். 48 பெருக்கல் 38, 1824 லிட்டர் என்று பலகையிலும் எழுதிவிட்டாள். அந்தச் சமயத்தில் என் கைப்பேசிக்கு மாவட்டத்தின் மழை அளவுப் பட்டியல் வந்தது. எங்களுக்கு அருகிலுள்ள ஊருக்கு நேரே 61 மில்லிமீட்டர் என்று இருந்தது. எனக்கு இரண்டாவது யோசனையே எழவில்லை. "என்னம்மா, தப்பாக அளந்திருக்கிறாயே. இதோ, சரியான அளவு வந்திருக்கிறது" என்று திரையைக் காட்டினேன். அவள், "இல்ல சார், ரெண்டு தடவை பார்த்தேன்" என்று மெல்லச் சொன்னாள். "அழித்துவிட்டு எழுது" என்றேன். அழித்தாள். 61 என்று எழுதினாள். பலகையில் 2928 லிட்டர் ஆயிற்று. பெய்யாத 1104 லிட்டர் தண்ணீரை, ஓர் அழிப்பானின் உதவியால் எங்கள் கூரையின்மேல் நான் பொழிந்துவிட்டேன்.

மறுநாள் அந்த வரி வெறுமையாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. கேட்டால், "உங்க போனில்தான் வருதே சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரையில் அது நியாயமான பதில். சரியான அளவு ஒன்று வேறெங்கோ இருந்து வருமானால், விடிந்ததும் எழுந்துவந்து ஈரத்தில் குனிந்து பார்ப்பானேன்?

என்னைத் திருத்தியது மழைதான். அடுத்த வாரம் பட்டியலில் அதே ஊருக்கு 14 மில்லிமீட்டர் என்று வந்தது. எங்கள் முற்றத்திலோ புழுதி பறந்தது. பட்டியலை நான் உரக்க வாசித்தபொழுது வகுப்பு சிரித்தது. அந்த ஊர் எங்களுக்கு 12 கிலோமீட்டர் தொலைவு. ஒரு மேகம் ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரை எட்டிப் பாராமலே போவதை வாழ்நாள் முழுவதும் கண்டவன் நான். வயலில் நிற்கும்பொழுது அறிந்திருந்ததை, கைப்பேசியைக் கையில் எடுத்ததும் மறந்துபோனேன். பட்டியலும் பொய்யன்று, சிறுமியின் 38உம் பொய்யன்று. இரண்டும் இரண்டு இடங்களில் பெய்த மழை. கரும்பலகைக்கு அருகில் நின்று, "அன்றைக்குத் தவறியவன் நான், அளந்தவள் அல்ல" என்று சொன்னேன். நோட்டில் 61ஐ அடித்து, மீண்டும் 38 என்று எழுதச் செய்தேன். அதன் பிறகு பக்கத்தில் கோடு கிழித்து இரண்டு பத்திகள் ஆக்கினோம். முதற்பத்தி, 'நாம் அளந்தது'. இரண்டாம் பத்தி, 'பக்கத்து ஊரில் அளந்தது'. முதற்பத்தியை நிரப்பிய பின்னரே கைப்பேசியைத் திறப்பது என்று விதி. அவள் திரும்ப வரத் தொடங்க நான்கு நாட்கள் பிடித்தன.

இந்த வரிசைதான் நான் ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி. முதலில் பிள்ளையின் கண். அதன் பிறகு கருவி. வரிசை மாறினால் அதே கருவி பிள்ளையின் கண்ணைக் கட்டிவிடுகிறது. வரிசை சரியாக இருந்தாலோ, கண்ணால் ஆகாத காரியங்களை எல்லாம் அது செய்து தருகிறது. மரம் தளிர்ப்பதும் பூப்பதும் மிக மெதுவாக நடப்பதால் நம் கண்ணுக்குத் தப்புகின்றன. புயல் மிகத் தொலைவில் உருவாவதால் தப்புகிறது. இவ்விரண்டையும் கருவி பிடித்துத் தரும்.

நிழற்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் நேராக நாட்டிய ஒரு மீட்டர்க் கம்பு, அவ்வளவுதான். நண்பகலில் அதன் நிழல் நுனியில் ஒரு முளை அடிக்கவேண்டும். நண்பகல் என்றால் கடிகாரத்தின் 12 மணி அன்று. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆகவே, சித்திரை மாதத்தில் எங்கள் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வர 12 மணி 12 நிமிடம் ஆகிவிடும். "கடிகாரம் தப்பா சார்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. பட்டுக்கோட்டைப் பகுதியில், டிசம்பர் 22ஆம் தேதி வாக்கில் அந்த ஒரு மீட்டர்க் கம்பின் நண்பகல் நிழல் வடக்கே 67 செ.மீ. நீளும். மார்ச் 21ஆம் தேதி 18 செ.மீ.க்குக் குறுகிவிடும். ஏப்ரல் 17ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள் நிழலே இராது. கம்பின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஜூன் 21ஆம் தேதியிலோ நிழல் தெற்கே 23 செ.மீ. விழும்! மீண்டும் ஆகஸ்டு 26 வாக்கில் நிழலற்ற நாள். சென்னையில் இந்நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 வாக்கில் வரும்.

சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறையும் என்று எழுதி முழு மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்கு, அது வடக்கும் தெற்குமாக நடமாடுகிறது என்பதை இந்த முளைகள் காட்டும். அதன் பிறகு, பூமி சாய்ந்து சுற்றுவதைக் காட்டும் காணொளியைத் திரையில் போடுங்கள். பிள்ளைகள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அவர்களிடம் கேள்வி இருக்கிறது. படம் விடை சொல்ல வருகிறது. முளை அடிக்காத வகுப்புக்கு அதே காணொளியைக் காட்டியிருக்கிறேன். பந்து சுற்றுகிறது என்று பார்த்துவிட்டு, மதிய உணவு மணிக்குக் காது கொடுத்தார்கள்.

எங்கள் பகுதிக்கு உரிய பருவ நிகழ்ச்சி மற்றொன்றும் உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம். ஜூன் 12ஆம் தேதி அணை திறப்பது மரபு. பள்ளி திறப்பதும் ஏறக்குறைய அதே சமயம். 2017ஆம் ஆண்டில் அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 19ஆம் தேதி திறந்தார்கள்; நான்கு நாட்களில் அணை தன் முழு அளவாகிய 120 அடியை எட்டிவிட்டது. நாள்தோறும் கைப்பேசியில் நீர்மட்டத்தைப் பார்த்துக் கட்டத்தாளில் புள்ளியிட்டு இணைத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வரைபடம் கற்பிக்க நான் வேறு உதாரணம் தேடவில்லை. கோடு செங்குத்தாக ஏறி 120இல் போய் நின்றபொழுது வகுப்பே கை தட்டிற்று. ஆனால், எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அணை நிரம்பியதற்குப் பல நாட்களுக்குப் பின்னும் எங்கள் வாய்க்காலில் ஆடுதான் மேய்ந்தது. "கிராப்பிலே தண்ணி இருக்கு, வாய்க்காலிலே இல்லையே சார்" என்று கேட்டான் ஒருவன். அவன் தகப்பனார் நாற்றங்காலுக்கு விதை ஊறவைத்துவிட்டுக் காத்திருந்தவர். அதிலிருந்து இரண்டாவது வரைபடம் பிறந்தது. மதகடியில் நட்ட அளவுகம்பில் பிள்ளைகளே பார்த்து எழுதிய மட்டம் அது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் பார்த்த ஊர்ப் பெரியவர்கள் அதை வாங்கிப்போய்ப் பலருக்கும் காட்டினார்கள்.

மரங்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இலை, பூ, காய் இவற்றின் நிலையை வாரந்தோறும் குறித்து அனுப்பும் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் நம் நாட்டில் நடக்கிறது. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் அதில் மிகுதியாகப் பங்கு கொண்டிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணிப் பதிவு செய்யும் பழக்கம் தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் உண்டு. நாங்கள் செய்தது இவற்றைவிடச் சிறிய காரியம். 2018ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி முதல், திங்கட்கிழமைதோறும், முற்றத்து வேம்பை ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தோம். நிற்கும் இடம் மாறாதிருக்கத் தரையில் ஒரு கல்லைப் புதைத்தோம். படத்துக்கு முன், அந்த வாரம் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் சொல்லவேண்டும். ஆடியில் பழுத்த பழங்களும், அவற்றைத் தின்ன வந்த கிளிகளும் மைனாக்களும், புரட்டாசிக்குப் பின் அடர்ந்த கிளைகளும் அப்படியே நோட்டில் ஏறின. மாசியில் இலை உதிர்வதையும் பங்குனியில் பூப்பதையும் எடுத்துவிட்டு, ஓர் ஆண்டின் படங்களை வரிசையாகத் திரையில் ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம். மரம் ஒரு நிமிஷத்தில் ஓர் ஆண்டு வாழ்வதைப் பார்க்கலாம் என்று சொல்லி அவர்களுக்கு ஆசை காட்டியிருந்தேன்.

கடைசிப் படம் நவம்பர் 12ஆம் தேதி எடுத்தது. அந்த வாரம் வங்கக் கடலில் கஜா புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் அது சுழல்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கருவியின் அருமையை அந்த மூன்று நாளும் நன்றாக உணர்ந்தோம்; பெற்றோர் பலர் வந்து பார்த்துவிட்டுப் போய், கூரைக்குக் கயிறு கட்டினார்கள். 16ஆம் தேதி விடியுமுன் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. வேம்பு வேரோடு சாய்ந்து சுற்றுச்சுவரின்மேல் கிடந்தது. விடுமுறை போக இருபது படங்கள் எங்களிடம் இருந்தன. அவற்றில் உதிர்வும் இல்லை, பூவும் இல்லை. மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. கைப்பேசி, படவீழ்த்தி எல்லாம் அலமாரியில் கிடந்தன.

பள்ளியை மீண்டும் திறந்த அன்று, முதலில் வந்தவள் அந்தச் சிறுமி. அப்பொழுது அவள் ஐந்தாம் வகுப்பு. இரும்பு அலமாரியில் இருந்த மழை நோட்டை எடுத்துத் தரும்படி கேட்டாள். மானி நின்ற இடத்தில் செங்கற்கள் மட்டுமே இருந்தன. திண்ணையில் உட்கார்ந்து தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், 16ஆம் தேதிக்கு நேரே முதற்பத்தியில் இவ்வாறு எழுதினாள்: "மானியைக் காற்று கொண்டுபோய்விட்டது. அளக்கவில்லை."

சில நாட்களுக்குப் பின் கைப்பேசிக்கு உயிர் வந்தது, பட்டியலும் வந்தது. உடன் இருந்த ஆசிரியர் ஒருவர், "அந்த இடத்தில் இந்த அளவையே எழுதிவிடலாமே, நோட்டு முழுமையாக இருக்கும்" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அளவை இரண்டாம் பத்தியில் எழுதிவிட்டு, முதற்பத்தியை அப்படியே விட்டுவிட்டாள்.

பிறகு புதிய புட்டி ஒன்று வேண்டும் என்றாள். நிவாரணப் பொருள்களோடு வந்த தண்ணீர்ப் புட்டிகள் வராந்தாவில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பக்கங்கள் நேராக இருக்கின்றனவா என்று உருட்டிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்துகொண்டு கத்திரிக்கோல் கேட்டாள்.